சொல்லிவிட்டுப் போவதா

…சொல்லாமலே போய்விட்டால்தான் என்ன, திங்கட்கிழமை காலையில் குசும் மிஸ் தன் மணப்பெண் அலங்காரக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும், போன் அடித்து அடித்துப் பார்க்கட்டும், தம்மிகா என்று ஒருத்தி பதினோரு வருஷம் இங்கே மாடாய் உழைத்தாள் என்பது அப்போதாவது உறைக்குமா இல்லையா… தம்மிகா மணப்பெண்ணின் இடுப்பருகே மண்டியிட்டு, நாலு ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கண்டிப் பெண்கள் கட்டும் ஒசரிச் சேலையின் இடுப்புச் சுருக்கை விரல் விரலாக மடித்துக்கொண்டிருந்தாள். பிலிமத்தலாவையில் கல்யாண வீடு, அடுக்களையில் பால்சோற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி கட்ட நல்ல நேரம் எட்டு நாற்பத்திரண்டு, மணி இப்போது எட்டு ஐந்து. மாலைகள் ஏழும் போட்டாயிற்று, சுருக்கு முடிந்தால் சுட்டிதான் பாக்கி. விரல்கள் தம் பாட்டுக்கு மடித்தன. பதினோரு வருஷத்தில் எத்தனை பெண்களின் இடுப்பு, எத்தனை சுருக்கு, ஒரு மடிப்பாவது கோணியதுண்டா, கண்டி டவுன் முழுக்கத் தேடினாலும் இப்படி மடிக்க இன்னொருத்தி கிடைப்பாளா? கிடைக்கமாட்டாள் என்று ஹோட்டல்காரிக்குத் தெரிந்திருக்கிறது, கூடவே இருக்கிற மிஸ்ஸுக்குத்தான் தெரியவில்லை.

பேராதனை ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற அந்த ஹோட்டலின் சலூனில்தான் தம்மிகாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒண்ணாந்தேதியே வந்தாலும் சரி, ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் சரி, உங்க வசதிம்மா என்று அந்த மேனேஜர் அம்மாள் சொல்லிவிட்டாள். வசதியாம்! ஒண்ணாந்தேதி வராவிட்டால் வேலை இல்லை என்று கறாராகச் சொல்லித் தொலைத்திருந்தால் பழியை அவள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருக்கலாம், இப்போது முடிவு முழுக்க இவள் தலையில். நாலு வரிக் கடிதம் கைப்பையில் மூன்று நாளாகக் கிடக்கிறது. சொல்லிவிட்டுப் போவதென்றால் எப்படி, ஒரு கட்டு வெற்றிலை வாங்கி மிஸ்ஸின் கையில் வைத்து, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, போய்ட்டு வர்றேன் மிஸ் என்று சொல்ல வேண்டும், வேலை பழக்கியவளிடம் அப்படித்தான் விடைபெறுவது, சரி அதையும் செய்துவிடலாம். ஆனால் சொன்ன பிறகு ஒரு மாதம் இருந்தாக வேண்டுமே! அந்த ஒரு மாதமும் கடையில் புதிதாகச் சேர்ந்த இமேஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இப்படிப் பிடி தங்கச்சி, இப்படி மடி தங்கச்சி என்று தன் கைத்தொழிலை அவள் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். முடியுமா? செத்தாலும் முடியாது. சொல்லாமல் போனால்? ஆறாந்தேதி மாத்தளைக் கல்யாணத்தில் ஒன்பது தோழிப் பெண்கள், ஒன்பது சுருக்கு, மிஸ்ஸும் அந்தக் குட்டியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நினைக்கவே தொண்டைக்குள் சர்பத் இறங்குகிற மாதிரி இருந்தது. ச்சீ, என்ன புத்தி இது… ஆனால் இறங்கியது இறங்கியதுதான்.

ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினாள். எதிரே இமேஷா நெற்றிச்சுட்டியைப் பட்டுத் துணியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னவோ தன் வீட்டுச் சொத்தைத் துடைக்கிற மாதிரி. வந்து எட்டு மாதம் ஆகவில்லை. வேனில் முன் சீட்டு அவளுக்கு, மிஸ் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் சோற்றில் பாதி அவளுக்கு, மகளே மகளே என்று கொஞ்சல் வேறு, தம்மிகாவை என்றாவது மிஸ் மகளே என்றிருக்கிறாளா, தம்மி, மிஞ்சினால் தங்கச்சி முறைக்கு ஒரு நங்கி, அத்தோடு சரி. அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போயிருப்பாள். போன மாதம் கடுகண்ணாவைக் கல்யாணத்தில் மிஸ் அந்த நெற்றிச்சுட்டியைத் தூக்கி இமேஷா கையில் கொடுத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நெற்றிச்சுட்டி மிஸ் மட்டுமே கட்டுவது. நல்ல நேரம் பார்த்து, கிழக்கே முகம் வைத்து, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு கட்டுவாள், அந்த நேரம் தம்மிகா இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொள்வாள், இத்தனை வருஷமும் அப்படித்தான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அது மிஸ்ஸின் இடம் என்று நினைத்திருந்தாள். நேற்று வந்தவளுக்கு அந்த இடம் என்றால் வயிறு எரியாதா? அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள்தான் ஹோட்டலுக்குப் போன் பண்ணினாள்.

எட்டு நாற்பது. பெண்ணின் சித்தி கதவோரம் வந்து நின்றாள். "என்ன மிஸ், இந்தச் சின்னப் புள்ளயா கட்டப் போவுது? நீங்க கட்டலியா?" மிஸ் சிரித்தாள். "போன மாசம் அதுவாத்தான் கேட்டிச்சு. மிஸ், நான் ஒருக்கா கட்டிப் பாக்கட்டுமான்னு. வாய விட்டுக் கேட்ட புள்ளைக்கு மாட்டேன்னா சொல்றது? இத்தன வருசத்துல எங்கிட்ட யாரும் கேட்டதில்ல." தம்மிகாவின் கை நின்றுவிட்டது. கேட்டாளா? இவ்வளவுதானா, கேட்டாள், கொடுத்தாள், அப்படியானால் இது செல்லம் கொடுத்ததில்லையா? இமேஷா பெண்ணின் முன்னால் போய் நின்றாள், கோணட்டும் கோணட்டும், ஒரு நூலாவது கோணட்டும் என்று தம்மிகா மனசார வேண்டிக்கொண்டாள், பாழாய்ப்போன சுட்டி நெற்றியில் நட்டநடுவாக உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் சூரியப் பில்லையும் சந்திரப் பில்லையும் அளந்து வைத்தது போல. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்மிகாவுக்கு மட்டும் காதில் அந்த ஒரு வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்டதில்ல, யாரும் கேட்டதில்ல… நான் கேட்கவில்லைதான், ஆனால் நீங்கள் ஒரு தடவை… ஆமாம், ஒரு தடவை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கம்பளையில், மிஸ் சுட்டியை இவள் பக்கம் நீட்டி, இந்தா, நீ கட்டுறியா என்றாள். இவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னால் போனாள். ஐயோ, வேணாம் மிஸ், நீங்களே கட்டுங்க. முதல் தடவை வேண்டாம் என்பதுதானே மரியாதை, யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்கிறோம், அட குடிங்க என்று மறுபடி சொன்ன பிறகுதானே கை நீட்டுகிறோம்? மிஸ் மறுபடி சொல்லவில்லை. திரும்பிப் பெண்ணுக்குக் கட்டிவிட்டாள். அந்த இரண்டாம் தடவைக்காகத்தானா இத்தனை வருஷமும் இரண்டடி தள்ளி நின்றேன்?

திரும்பும்போது வேன் பேராதனைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மிஸ் களைத்துப் போய்ப் பக்கத்துச் சீட்டில் சாய்ந்திருந்தாள், பவுடர் கலைந்த முகத்தில் வயசு தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே, "மாத்தளையில ஒம்பது சுருக்கும் ஒன் தலையிலதான் தம்மி" என்றாள். வருவாயா என்று கேட்கவில்லை, வருவாள் என்றே முடிவு. இப்போது ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிவிடு, திங்கட்கிழமை வராமல் இருந்துவிடு, அவ்வளவுதான் என்று மனசு சொன்னது. வெற்றிலையும் இல்லை, கடிதத்தையும் எடுக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. "அடுத்த மாசம் முடியிற வரைக்கும் இருக்கேன் மிஸ். அப்புறம் வேலைய விட்டு நின்னுக்கிறேன்." சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மிஸ் கண்ணைத் திறந்தாள். இப்போது கேட்பாள், ஏன் என்பாள், திட்டுவாள், போகாதே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், கடிதத்தைக் கிழித்து ஆற்றில் போட்டுவிடுகிறேன்… "சரி நங்கி" என்றாள் மிஸ். "ஒனக்கு நல்லதுன்னா சரி." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு ஒரு சரி! பாலம் முடிந்தது, தம்மிகா காத்திருந்தாள், கெட்டம்பைக் கோவில் வந்தது, காத்திருந்தாள், மிஸ்ஸின் மடியில் இருந்த கைக்குட்டை மட்டும் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டது. மிஸ்ஸும் என்னைப் போலத்தானா, ஒரு தடவை வேண்டாம் என்று காதில் விழுந்துவிட்டால் மறுபடி வாய் திறக்க வராத பிறவியா, அன்றைக்குக் கம்பளையிலும் மிஸ்ஸுக்கு வலித்திருக்குமோ?

"அய்யோ, ஏன் அக்கா?" இமேஷா முன் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி மண்டி போட்டுக்கொண்டாள். "எங்க போறீங்க? போவாதீங்க அக்கா, நீங்க இல்லாம நாங்க என்ன பண்றது?"

எவ்வளவு சுலபமாக வருகிறது இவள் வாயிலிருந்து, பாவி, இதையுமா இவளே கேட்க வேண்டும்… தம்மிகாவுக்கு அவளை இழுத்து அறையலாம் போலிருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் பார்த்தாள், மிஸ் ஜன்னலை விட்டு மெல்லத் திரும்பி, மூச்சுக் காட்டாமல், இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.