பட்டைக் கோளாறு

அப்பாவின் சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "என் பொண்ணே மெஷின்ல ஓடவிட்டுப் பாத்தா. நெஞ்சுல ஒரு குறையும் இல்லன்னு சொன்னா. நல்லா இருந்த மனுஷன் இப்படிப் போனா நாம என்ன பண்ண முடியும்?" பத்து மாதமாக அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்தாள், நடமாடினாள், சாப்பிட்டாள். அது உண்மையில்லை என்று மகளுக்கு இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்வதா, மென்று முழுங்குவதா?

பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியலில் சேர்ந்தபோதே சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "விசில் ஊதுறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்றாள் சித்தி. பஸ் ஓட்டுநரான அப்பாவுக்கும் அது என்ன படிப்பென்று பிடிபடவில்லைதான். அதற்காக மகளை விட்டுக்கொடுப்பாரா? விளையாட்டு அணியைத் தயார் செய்யலாம், அடிபட்டவர்களை நடக்க வைக்கலாம், இதய நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கலாம் என்று அவள் சொன்னதை மனப்பாடம் செய்து, டிப்போவில் டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தார். பாதிக்குப் பாதி தப்பு. யாருக்குத் தெரியப் போகிறது!

கடைசி வருட ஆய்வுக்கு, உட்கார்ந்தே வேலை பார்க்கிற, ஐம்பது தாண்டிய இருபது பேர் வேண்டும். பத்தொன்பது பேரைப் பிடிப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "ஏன், நான் ஆளா தெரியலயா?" என்று அப்பா வந்து நின்றார். புது ஷூ வேறு. படிவத்தில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றிருந்த எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துக் கொடுத்தார்.

மார்பில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை. காலுக்கடியில் ஓடும் தளம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது வேகமெடுக்கும். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று சுவரிலிருந்த அட்டையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அப்பா ஒவ்வொரு தடவையும் 'எளிது' என்பதிலேயே விரல் வைத்தார். வியர்வை ஆறாக ஓடியது. திரையிலோ துடிப்பு தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்துக்கு நூற்று நாற்பதாவது வந்திருக்க வேண்டும். பட்டையை நனைத்துக் கட்டினாள், வேறு பட்டை மாற்றினாள். அதே தொண்ணூற்றெட்டு.

இயந்திரம் ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொன்னால் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார். முதல் வருடமே சொல்லிக்கொடுத்த விதி. ஆனால் ஐந்து மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் 'பட்டைக் கோளாறு' என்று எழுதி அப்பாவின் வரியைக் கோடிட்டு அடித்தாள். மறுநாள் நூலகக் காவலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து இருபதை நிரப்பினாள்.

வரியை அடித்ததைச் சொன்னால் பாவம், மனுஷன் வாடிப்போவார். ஓடி முடித்த கையோடு துண்டால் முகத்தைத் துடைத்தபடி "பாஸா?" என்று அவர் கேட்டபோது, "இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையே இல்லப்பா" என்றாள்.

அதற்கு மூன்றாம் மாதம், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டு அப்பா சாய்ந்தார்.

இதயநோய் மறுவாழ்வுப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்ததைப் பார்க்க அவர் இல்லை. இன்றைக்கு அங்கே ஒரு தையல்காரர், புது நோயாளி, சைக்கிள் மிதித்தார். சட்டை நனைந்துவிட்டது. திரையில் தொண்ணூற்றாறு. துடிப்பைக் குறைக்கிற மாத்திரை எதுவும் அவர் சாப்பிடுவதில்லை. 'பட்டைதான்' என்று நாக்கு நுனி வரை வந்தது. என்னவோ தோன்றி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கால் நிமிடத்துக்கு இருபத்துநாலு. திரை சரியாகத்தான் சொல்கிறது, ஏற வேண்டிய துடிப்புதான் ஏறவில்லை; உழைக்கும்போது துடிப்பு ஏறாதது இதயக் கோளாறின் அடையாளம். பரீட்சையில் இதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்!

மிதிப்பதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டாள். "நல்லவேளை, கையைப் பிடிச்சுப் பாத்தீங்க" என்றார் டாக்டர்.  அவள் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளுடைய வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு நான் பாத்தேன்ல, அன்னிக்கே மெஷின் காட்டுச்சும்மா. துடிப்பு ஏறவே இல்ல. பட்டை சரியில்லன்னு நெனச்சுட்டேன். கையைப் பிடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். அவள் அடிக்கட்டும், திட்டட்டும் என்று மகள் நின்றாள். அம்மாவோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தெரியும்டி" என்றாள் கடைசியில். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்தே கெடந்தாரு. நெஞ்சை அழுத்துதுன்னாரு. டாக்டர்கிட்ட போவோம்னேன். 'போனா அவளுக்குத் தெரிஞ்சுடும், என்னைக் கழிச்சுடுவா, பாவம் பிள்ளைக்கு ஒரு ஆள் கொறஞ்சுடும், பரீட்சை முடியட்டும்'னாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன். பாவி, நானும்தான் மூடிக்கிட்டேன்."

 அவர் வீடு போய்ச் சேருமுன்பே அவருடைய வரியின் மேல் மகள் போட்ட அந்தக் கோடு விழுந்துவிட்டிருந்தது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவரு ஓடின கணக்கு உன் பரீட்சைக்கு உதவுச்சா, இல்லயா?"

"உதவுச்சும்மா" என்றாள் மகள்.