டெல்டா மாவட்டங்களுக்கு இன்று விடுமுறை

நூலகர் சலோமிக்கு அந்தக் கல்லூரியில் சொந்தம் என்று இருந்தது வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை. மற்ற நேரமெல்லாம் புத்தகத்தைக் கொடு, வாங்கு, மின்விசிறி ஏன் ஓடவில்லை என்பதற்குப் பதில் சொல், "மேடம், சார்ஜர் இருக்கா?" என்று வருகிறவர்களை முறைத்துப் பார் என்றே போய்விடும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் ஆசிரியை. கால அட்டவணையில் 'தகவல் தேடல் திறன்' என்று போட்டிருந்தது. மாணவர்கள் வைத்த பெயர் கூகுள் கிளாஸ்.

கூகுளில் முதலில் வருவதை அப்படியே அள்ளிப் போடாதே என்று சொல்வதற்காகத்தான் அவள் அந்த வகுப்பையே கேட்டு வாங்கினாள். பெயர் இப்படி வாய்த்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவன் அலையாத்திக் காடுகளைப் பற்றி இருபது பக்கம் எழுதிவிட்டு, ஆதாரம் என்ற இடத்தில் 'வாட்ஸ்அப்' என்று நேர்மையாகப் போட்டிருந்தான். அந்த நேர்மைக்கு மார்க் போடலாமா என்று துறையில் விவாதமே நடந்தது. சலோமி அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் முதல்வர் அறையில் நின்றாள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது.

அன்றிலிருந்து வகுப்புச் சுவரில் மூன்று கேள்விகள் தொங்கின. யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு எங்கே இருக்கிறது? எந்தத் தகவல் வந்தாலும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சலோமி இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவர் ஆரோக்கியஜோசப் மீன் வாங்கி வந்தால்கூட "யார் சொன்னது இது வஞ்சிரம்னு?" என்று கேட்கிற அளவுக்குப் போயிருந்தாள்.

இப்போது அந்த மணிக்கு ஆபத்து வந்தது. வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்கிறவர்கள் தங்களுக்கு வியாழக்கிழமை பத்து மணிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள்.

"உங்க கிளாஸுக்கு எத்தனை பேரும்மா வர்றாங்க?" என்று கேட்டார் கல்லூரி முதல்வர் சிதம்பரநாதன். மோசமான மனுஷர் இல்லை. எண்ணிக்கையாகச் சொன்னால்தான் எதுவும் அவர் காதில் ஏறும், அவ்வளவுதான்.

"நாப்பத்தாறு பேர்ல ஒரு இருபது, இருபத்திரண்டு பேர் வர்றாங்க சார்."

"வர்ற வியாழக்கிழமை நானே வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிறேன். முப்பது பேர் இருந்தா மணி உங்களுக்கு. இல்லன்னா பயிற்சிக்காரங்களுக்குக் குடுத்துடலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் என்ன செய்வது? திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நடைபாதையில் பார்த்த மாணவர்களிடமெல்லாம் "வியாழக்கிழமை வந்துருங்கப்பா" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினாள். செவ்வாய் மாலை மழை பிடித்தது. புதன் முழுக்க விடவில்லை. மழையில் எவன் வருவான்? முப்பது என்ன, பதினைந்துகூடத் தேறாது என்று புதன் இரவு சாப்பாட்டில் மனசே இல்லாமல் இருந்தாள்.

வியாழன் காலை ஆறரைக்கு ஊழியர்கள் குழுவில் முதல்வரிடமிருந்தே ஒரு படம் வந்தது. தொலைக்காட்சிச் செய்தியின் படம். 'கனமழை: கடலோர டெல்டா மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு இன்று விடுமுறை.' கீழே ஒரு கும்பிடு. அதற்குள் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

சலோமிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போகிறது! அதற்குள் முப்பது பேரைப் பிடித்துவிடலாம். விரும்பியது தானாகக் கையில் வந்து விழும்போது யார்தான் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? ஆனால் சலோமி பார்த்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். யார் சொன்னது? நல்ல தொலைக்காட்சி. எப்போது? இன்றைய தேதி, காலை ஆறு மணி. வேறு எங்கே? கூடத்தில் ஆரோக்கியஜோசப் வேறொரு சேனலை வைத்திருந்தார், அதிலும் அதே செய்தி ஓடியது. மூன்றுக்கும் சரி போட்டாயிற்று. படத்தை மாணவர்கள் குழுவுக்குத் தள்ளிவிட்டு, 'இன்று விடுமுறை. வகுப்பு அடுத்த வாரம். பத்திரமாக இருங்கள்' என்று எழுதினாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். மழை நாளில் பஜ்ஜி போடாத வீடு ஒரு வீடா?

ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. தமிழ்மொழி. கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்துப் பெண், வகுப்பில் வாயே திறக்காது.

"மேடம், எங்க இருக்கீங்க? கிளம்பிட்டீங்களா?"

"எங்க கிளம்புறது? அதான் லீவுன்னு போட்டேனே!"

"லீவு இல்ல மேடம். அது நமக்கு இல்ல. நாங்கல்லாம் வந்துட்டோம். பிரின்ஸ்பால் சாரும் வந்துட்டாரு."

சலோமியின் கையில் வெங்காயம் இருந்ததால் கண் கலங்கியதற்கு ஒரு காரணம் கிடைத்தது. குழுவைத் திறந்து பார்த்தாள். முதல்வர் போட்ட படம் இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. அதற்குக் கீழே, ஏழே முக்காலுக்கு, 'கல்லூரி வழக்கம்போல் இயங்கும்.' கும்பிடு இல்லை.

கல்லூரி இருக்கிற காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். மழை பார்டர் பார்த்துப் பெய்வதில்லை, எல்லோருக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது. ஆனால் லீவு விடுகிற கலெக்டர் வேறு, அவருக்கு மேலே இருக்கிற அரசு வேறு, அது புதுச்சேரியில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சேனல் டெல்டா என்று சொன்னால் அது பக்கத்து வீட்டைச் சொல்கிறது. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற சலோமிக்கு இது தெரியாதா? தெரியும். லீவு என்ற சொல்லைக் கண்டதும் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

ஆரோக்கியஜோசப் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் மழைக்கோட்டுக்குள் சலோமி அழாத குறை.

"பூவம் ரோட்டுல தண்ணி நிக்குது, வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லிடு. முடிஞ்சுது" என்றார் அவர்.

"எப்படிங்க சொல்றது? நம்ம பக்கத்துத் தெரு சிவக்குமார் அதே கிளாஸ்லதான் இருக்கான்."

"அவன் என்ன, ரோட்ட அளந்தா பாத்துருக்கப் போறான்?"

"பாத்துருப்பாங்க. யார் சொன்னது, எப்ப சொன்னதுன்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்!"

ஆரோக்கியஜோசப் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொன்னால் மணி தப்பலாம், உண்மையைச் சொன்னால் முதல்வர் முன்னால் மானம் போகும். பாதி வழிவரைக்கும் பொய்யைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

நூலகத்து வாசிப்பறைக்குள் அவள் நுழைந்தபோது மணி பத்து எட்டு. முதலில் கண்ணில் பட்டது திரை. அதில் அவள் அனுப்பிய செய்தி, 'பத்திரமாக இருங்கள்' உட்பட, ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் கரும்பலகையில் மூன்று கேள்விகள், மூன்றுக்கும் சரி. சாக்பீஸோடு நின்றது, வாயே திறக்காத அந்தத் தமிழ்மொழி. கடைசி பெஞ்சில் முழங்கால்வரை நனைந்த பேண்டோடு சிதம்பரநாதன்.

மனப்பாடம் செய்த பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. திரையைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"ரோட்டுல தண்ணி இல்லப்பா" என்றாள் சலோமி. "நான் ஏமாந்துட்டேன். வீட்ல பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன்."

யாரோ ஒருவன் கைதட்டினான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இருந்தது, ஆனால் அது குத்தவில்லை.

"நீங்க மூணும் கேட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு தெரியும் மேடம்" என்றாள் தமிழ்மொழி. "அதான் எங்களுக்கும் இடிச்சுது. மூணுமே சரியா இருக்கு, ஆனா செய்தி தப்பா இருக்கு. எங்க ஊர்ல டிவில எது சொன்னாலும், பொங்கல் பரிசோ புயல் நிவாரணமோ, மொதல்ல 'நமக்கா, அவங்களுக்கா'ன்னுதான் கேப்பாங்க. அவங்களுக்குன்னு தெரியாம பையத் தூக்கிக்கிட்டுப் போயி எங்கம்மா எத்தன தடவ திரும்பி வந்துருக்காங்க! அதனால காரைக்கால் கலெக்டர் ஆபீஸ் வெப்சைட்டத் திறந்து பாத்தேன். லீவே போடல. எல்லாருக்கும் போன் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, பலகையில் நாலாவதாக எழுதினாள்: யாருக்குச் சொன்னது? பக்கத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி.

இரண்டு வருஷமாகச் சுவரில் தொங்குகிற தாளைச் சலோமி பார்த்தாள். அதில் இந்த நாலாவது கேள்வி இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

சிவக்குமார் எழுந்தான். "மேடம், மொதல் கேள்வி இன்னும் முடியல. டிவி சொன்னுச்சு, சரி. உங்களுக்கு யாரு அனுப்புனா? அனுப்புன ஆளையும் சேத்து எழுதணும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க?"

சலோமியின் பார்வை அவளையும் மீறிக் கடைசி பெஞ்சுக்குப் போனது. சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பினாள். நாற்பது கண்களாவது அதற்குள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டன.

"அது வந்துப்பா, குழுவுல..."

"நான்தாம்ப்பா" என்று எழுந்து நின்றார் சிதம்பரநாதன். "எனக்கு என் மச்சான் அனுப்புனாரு. அவரு நாகப்பட்டினத்துல இருக்காரு. அங்க இன்னிக்கு லீவுதான்."

அடுத்த ஐந்து நிமிஷம் வாசிப்பறையில் ஒரு நூலகத்துக்குத் தேவையான அமைதி கொஞ்சம்கூட இல்லை. அதன் பிறகு பதினொன்று அடிக்கிறவரை சலோமி வகுப்பெடுத்தாள். அரசு அறிவிப்பு எந்த இணையப் பக்கத்தில் முதலில் வரும், ஆய்விதழில் ஒரு புள்ளிவிவரம் வந்தால் அது எந்த ஊரைப் பற்றியது என்று எப்படிப் பார்ப்பது, தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்துக் காரைக்காலுக்குப் போட்டால் கட்டுரை என்ன ஆகும் என்றெல்லாம். முதல்வரும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பதினொன்று அடித்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எத்தனை பேர் என்று எண்ணச் சலோமி மறந்தே போயிருந்தாள்.

மத்தியானம் மழை இன்னும் வலுத்தது. மூன்று மணிக்கு ஊழியர்கள் குழுவில் முதல்வரின் செய்தி வந்தது. இந்தத் தடவை படம் இல்லை, அவரே தட்டியிருந்தார்.

'நாளை விடுமுறை. யார் சொன்னது: காரைக்கால் மாவட்ட ஆட்சியர். எப்போது: இன்று மதியம் 2.40. வேறு எங்கே: ஆட்சியர் அலுவலக இணையப் பக்கத்தில் நானே பார்த்தேன். யாருக்கு: நமக்கு. பி.கு.: வேலைவாய்ப்புப் பயிற்சி அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை. இன்றைய வகுப்பில் இருந்தவர்கள் முப்பத்துமூன்று பேர், நானே எண்ணினேன்.'

ஒரு நிமிஷத்துக்குள் பதினோரு கட்டைவிரல்கள் வந்துவிட்டன. சலோமி பி.கு.வை மூன்று தடவை படித்தாள். பிறகு ஆட்சியர் அலுவலக இணையப் பக்கத்தைத் திறந்து, விடுமுறை அறிவிப்பைத் தேடி, தேதியையும் ஊரையும் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டாவது கட்டைவிரலைப் போட்டாள்.