சொகாபேயின் பச்சை

அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் மோதோகோ தொடாமல் வைத்திருந்தாள். பாடகி மினாசே ரூகாவின் டோக்கியோ ஸ்டேடியம் கச்சேரி வீடியோவாக வெளிவரப்போகிறது. வெட்டி ஒட்டித் தொலைக்கிறவள் இவள்தான். சுருதி விலகின இடத்தில் ஸ்டுடியோவில் திரும்பப் பாடின குரல், கொட்டாவி விட்ட ரசிகன் இருந்த இடத்தில் அழுகிற பெண். எத்தனையோ பொய்யை ஒட்டியாயிற்று. பிழைப்பு அப்படி.

கடைசிப் பாட்டு வேறு. ரூகாவின் குழுவில் ஆளுக்கொரு நிறம்; ரசிகர்கள் அந்தந்த நிறத்தில் கைவிளக்கை ஆட்டுவார்கள். டிரம்ஸ் வாசித்த சொகாபேவுக்குப் பச்சை. போன குளிர்காலத்தில் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். கச்சேரியன்று ரசிகர்கள் வாசலிலேயே துண்டுச்சீட்டுக் கொடுத்து, கம்பெனிக்குத் தெரியாமல் பேசி வைத்துக்கொண்டார்கள். பாட்டு தொடங்கியதும் ஸ்டேடியத்தில் இருந்த அத்தனை கைவிளக்குகளும் பச்சைக்கு மாறின. ரூகா பாட முடியாமல் குனிந்து நின்று அழுதாள்.

"இந்தப் பச்சையை ரோஸ் ஆக்கிடும்மா," என்றார் தயாரிப்பாளர் குராமோச்சி, பொரித்த கோழியை மென்றுகொண்டே. "நமக்கு விளம்பரம் தர்றவனோட போட்டிக்காரன் டீ பாட்டில் பச்சை. நம்ம விளம்பரக்காரன் காலையிலேர்ந்து கத்துறான்."

எண்ணெய் விரலால் திரையையே தொட்டுக் காட்டினார். மோதோகோ திரையைத் துடைத்தாள். தூ, இதெல்லாம் ஒரு ஜென்மமா!

"செத்தவருக்காகக் காட்டின விளக்கு சார் அது."

"செத்தவரா வந்து டிஸ்க் வாங்கப்போறார்?"

"ரூகா ஒத்துக்கவே மாட்டாங்க. கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டாப் போச்சு."

மறுநாள் ரூகா வந்தாள். மோதோகோ பச்சையையும் போட்டாள், மாதிரிக்கு மாற்றின ரோஸையும் போட்டாள். இந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பச்சை பிழைத்துவிடும்.

"ஐயே, பச்சையில சீக்காளி மாதிரி இருக்கேன்," என்றாள் ரூகா. "ரோஸே வைங்கக்கா. அந்த மூக்குச் சளியைத் துடைச்சுடுங்க. அழுகை இருக்கட்டும், அது அழகா வந்திருக்கு."

மோதோகோ நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாக ரோஸ் ஆக்கினாள். பாவி, செய்ய மாட்டேன் என்று சொல்ல இவளுக்கும்தான் வாய் வரவில்லை. குராமோச்சியைவிடத் தன் கையைப் பார்க்கத்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது.

"சார், கடைசியில ஓடுற பேர்கள்ல ஒண்ணை எடுத்துடுங்க," என்றாள் வேலை முடிந்ததும் குராமோச்சியிடம்.

"யார் பேரை?"

"என் பேரை."

குராமோச்சி வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவ்வளவுதானே? 'சொகாபே நினைவாக'ன்னு இருந்த வரியையே தூக்கியாச்சு. உன் பேரைத் தூக்கறதா பெரிய விஷயம்?"