தரையில் அடித்த மீன்வடை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. குயி நோன் என்ற கடலோர ஊரின் சந்தையில் நான் காலை தோறும் மீன்வடை நூடுல்ஸ் சாப்பிடும் கடை லியூ அக்காவுடையது. அவர்தான் சொன்னார். (மீன் கேக் என்று எழுதினால் மெழுகுவத்தி ஏற்றிவிடுவீர்கள். வடை என்றே இருக்கட்டும்.)

முதல் வரி இப்படி இருந்தது: ‘அன்று கடல் வெள்ளித் தாம்பாளம்போல்—’ அடித்துவிட்டேன். அன்று பேய்க்காற்று. ஒரு படகும் போகவில்லை. வினையே அதனால்தான்.

2

லியூவின் மகள் ஹானைப் பெண் கேட்டு ஞா சாங்கிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தோவாவும் மீன்வடைக்காரிதான். ஒரு கூடை வடையோடு வந்தாள்.

லியூ தன் வடையை நறுக்கி வைத்தாள். தோவா ஒரு துண்டை மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

“நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. மாவு கொஞ்சம் தூக்கலோ?”

மீன்வடைக்காரியிடம் இதைக் கேட்பது, பால்காரரிடம் தண்ணீரைப் பற்றி விசாரிப்பதுபோல.

“மாவா? சுத்தமான சீலா மீனுங்க! தரையில அடிச்சா பந்தாட்டம் எகிறும், பாக்குறீங்களா?”

“அம்மா, வேணாம்மா...” என்றாள் ஹான்.

மீன் கிடைக்காமல் பாதிக்குப் பாதி மாவு பிசைந்தது அம்மாவுக்கும் மகளுக்கும்தான் தெரியும். ஆனால் வாய் விட்டுவிட்டது. லியூ முழு வடை ஒன்றை எடுத்து ஓங்கித் தரையில் அடித்தாள்.

3

முதல் பிரதியில் அது எகிறி மாப்பிள்ளையின் அப்பா தலையில் விழுந்தது. நீங்கள் சிரித்திருப்பீர்கள். நடந்தது ‘தொப்’. சாணி மாதிரி ஒட்டிக்கொண்டது.

வந்தவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ஹானின் கண் நிறைந்தது. மகளின் கல்யாணத்தையே தரையில் அறைந்துவிட்டதுபோல் இருந்தது லியூவுக்கு.

தோவா எழுந்தாள். (இந்த இடத்தில் அவளை வில்லியாக்க மிகவும் முயன்றேன். இடம் கொடுக்கவில்லை.) தன் கூடையிலிருந்து ஒரு வடையை எடுத்து, பக்கத்திலேயே அடித்தாள். தொப்.

“எங்க ஊர்ல மட்டும் காத்தடிக்கலியா சம்பந்தி? உங்களோடது மாவுன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கிறீங்க? ரெண்டும் ஒரே ருசி!”

லியூ சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். வெற்றிலை பாக்குத் தட்டு கை மாறியது.

4

கல்யாணம் நடந்தது, அதில் சந்தேகமில்லை. சிக்கல், தரையில் கிடந்த இரண்டு வடை. முதலில் குனிபவள் தோற்றவள் என்று இரண்டு அம்மாக்களும் விறைத்து நின்றார்கள். தோவா குனிந்ததாக எழுதினேன். ஞா சாங்கிலிருந்து போன் வந்தது. லியூ அக்கா குனிந்ததாக மாற்றினேன். மறுநாள் என் கிண்ணத்தில் வெறும் நூடுல்ஸ்.

நான் நாளைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும். ஆகவே வாசகரே, நீங்களே குனிந்து எடுத்துவிடுங்கள். பார்த்து, ஒட்டும்.