விரல் பதியவில்லை

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காபூலில் அன்று கான்கூர், அதாவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. இதை விட்டால் அடுத்த வருஷம்தான். எழுதப் போகிறவள் என் தங்கை ஆதிலா. ஆனால் பதற்றமெல்லாம் எனக்குத்தான்.

"அக்கா, கைய விடு. நசுக்கிடுவ போலிருக்கு."

"பேசாம வாடி. கூட்டத்துல தொலைஞ்சா யாரு தேடறது?"

நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. எங்கள் வீட்டில் பாதி இடம் கம்பளத் தறிக்கு, மீதிதான் எங்களுக்கு. தேர்வுக்குப் பதிந்துவிட்டு வந்த அன்றே ஆதிலாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், இனி தறிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, படிப்பு ஒன்றுதான் வேலை என்று. அவள் பங்கையும் நானே நெய்தேன். கம்பளம் கிடுகிடுவென்று வளர்ந்தது. "ரெண்டு பொம்பளை வேலைய ஒருத்தியா பாக்கறேன், தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

பெண்கள் வாசலில் ஓர் அதிகாரியம்மா கைரேகை மெஷினோடு உட்கார்ந்திருந்தார். ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாதே என்று, பதியும்போதே பத்து விரலையும் எடுத்து வைத்திருந்தார்கள். ஆதிலா கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதற்கும் சிவப்பு.

"ரேகையே விழலியே! யாருக்குப் பதிலா எழுத வந்த?"

"ஐயோ, அவதாம்மா இவ!" என்று கம்பிக்கு வெளியே நின்று கத்தினேன்.

அதிகாரியம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "விரலெல்லாம் வழவழன்னு தேஞ்சிருக்கு. கம்பளம் நெய்யறியா?"

"பதிஞ்சப்போ உடம்பு சரியில்லாம கொஞ்ச நாள் நெய்யாம இருந்தேன். அப்புறம்..." ஆதிலா என் பக்கம் திரும்பவே இல்லை. "தினம் அக்கா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நெய்வேன்."

"அடிப்பாவி! அப்போ அந்தக் கம்பளம்?"

"நீ ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தியே. எப்படிக்கா சொல்றது?"

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அவளை நாலு சாத்தவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. நடுவில் கம்பி இருந்ததால் இரண்டும் நடக்கவில்லை. அதற்குள் கதவை மூடப்போவதாக ஒலிபெருக்கி அலறியது.

"பத்து விரலையும் எடுத்தீங்கல்ல? பத்தையும் வைக்கச் சொல்லுங்கம்மா!" என்றேன்.

நடுவிரல், சிவப்பு. மோதிர விரலும் அப்படியே. முடிச்சுப் போடும்போது சும்மா நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சுண்டுவிரல்தான் அந்தக் கையில் பாக்கி. அதை வைத்தாள்.

பச்சை!

"ஓடு, பொண்ணே!" என்று அதிகாரியம்மாவே கத்தினார். ஆதிலா ஓடினாள். அவள் பின்னாலேயே கதவு சாத்தப்பட்டது. வெளியே நான் குதித்த குதியில் என் முக்காடு நழுவிக் கீழே விழுந்தது. மகளை அனுப்பிவிட்டு நின்ற ஒரு பெரியவர் அதை எடுத்துக் கொடுத்தார்.

"உள்ள போனது யாரும்மா?"

"என் தங்கச்சி! டாக்டர்!" என்றேன்.

உள்ளே அவர்கள் இன்னும் கேள்வித்தாளே கொடுத்திருக்க மாட்டார்கள்.