முடிச்சு இல்லாத ரவிக்கை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில், வீட்டு வாசலிலேயே மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார் ஷரஃபுதீன். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ரவிக்கை தைத்து முடித்ததும் மிஞ்சிய துணியை, உள்ளங்கை அகலம்தான் என்றாலும், சின்ன முடிச்சாகக் கட்டி அந்த ரவிக்கையிலேயே ஊசியால் குத்தி அனுப்பிவிடுவார். வெட்டிய மிச்சம் தையற்காரனுக்கு என்பது ஊர் வழக்கம். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் கூப்பனை நீட்டிக்கொண்டு நிற்கிற காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று மற்ற தையற்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். ஆனால் அந்த முடிச்சை நம்பித்தான் லஸ் பக்கத்துப் பெண்கள் அவரிடம் துணியை அளக்காமலே கொடுத்தார்கள்.

நகைக்கடை வைரவன் வீட்டு மீனாட்சி ஆச்சியும் அப்படித்தான் மகளுக்கு இரண்டு ரவிக்கை தைக்கச் சொல்லிக் கிளிப்பச்சைப் பட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வெட்டிப் பார்த்தால், ஒரு குழந்தைச் சட்டைக்குத் தாராளமாக மிஞ்சியது.

பெருநாள் நெருங்கிவிட்டது. மகள் ஷகீலாவுக்குப் புதுத்துணி இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த முரட்டுத் துணி பெரியவர்களுக்கே போதவில்லை.

"ஊர்ல எல்லாரும் எட்த்துக்கினுதான் கீறாங்க. நீங்க மட்டும் இன்னா பெரிய அவுலியாவா, மகானா? கொயந்த மூஞ்சியப் பாருங்க" என்றாள் மனைவி குல்சும்.

ஆச்சியைக் கேட்டால் கொடுத்துவிடுவாள். அது அவருக்கே தெரியும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. யாரிடமும் கை நீட்டாதவர் என்று பெயர் எடுத்தாயிற்றே! கேட்க வெட்கப்பட்ட மனுஷனுக்கு எடுக்க வெட்கமாக இல்லாமல் போனதுதான் வேடிக்கை. நோன்பு வாயோடு உட்கார்ந்து சட்டையைத் தைத்து முடித்தார். வழக்கப்படி இதில் தப்பே இல்லை என்றது ஒரு மனம். அப்படியானால் ஏனப்பா படுதாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய் என்றது இன்னொரு மனம். இரண்டும் மாறி மாறிப் பிடுங்கியதில் அன்று தைத்த காஜாவெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

மறுநாள் சாயங்காலம், பெருநாளுக்கு முந்தின நாள், வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மீனாட்சி ஆச்சி இறங்கினாள். ஷரஃபுதீன், முடிச்சு குத்தாத அந்த ரவிக்கைகளை எடுத்து நீட்டினார். ஆச்சி அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாய், மிச்சத் துணியைத் திருப்பிக் குடுத்துறாதீக. நாளைக்கு உங்களுக்குப் பெருநாளாமே, மகளுக்கு ஒரு சட்டை தச்சுப் போடுங்க. இதைச் சொல்லத்தான் நானே வந்தேன்."

அப்பாடா என்று இருந்தது ஷரஃபுதீனுக்கு. தலை தப்பியது! படுதாவுக்குப் பின்னாலிருந்து குல்சும், பேசாதீர்கள் என்று கையை ஆட்டுவது தெரிந்தது. ஆச்சியே கொடுத்துவிட்டாள், இனி அது திருட்டுத் துணி இல்லை. அப்படியென்றால் நேற்று தைத்தபோது அது என்ன? அதே துணி, அதே சட்டை. நேற்று ஒன்றாகவும் இன்று ஒன்றாகவும் எப்படி இருக்க முடியும்?

ஆச்சி ஜட்காவில் ஏறக் காலை வைத்துவிட்டாள்.

"ஆச்சி! நீங்க சொல்றதுக்கு முன்னாலயே எட்த்துட்டேன். சட்டை தச்சு உள்ள வச்சுக்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆச்சி காலை இறக்கினாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா வருத்தமா என்று அவருக்குப் புரியவில்லை.

"நான்தான் குடுத்துட்டேன்ல. ஏன் சொன்னீக?"

"தெரியல ஆச்சி. சொல்லாம வுட்டா அந்தச் சட்டைய எம் பொண்ணு மேல பாக்க முடியாது போல கீது."

சட்டையைக் கொண்டுவரச் சொன்னாள் ஆச்சி. ஷகீலாவைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே கொடுத்து, கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு ஷரஃபுதீன் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை போட்டுக்கிடட்டும். ஆனா பாய், இனிமே நான் துணியை அளந்துதான் கொண்டாருவேன். மனசுல வச்சுக்கிடாதீக."

"அளந்தே கொண்டாங்க ஆச்சி" என்றார் ஷரஃபுதீன்.

ஜட்கா போனதும் குல்சும் பிடித்துக்கொண்டாள். "அவங்களே குடுத்தப்புறம் வாய மூடிக்கினு கீறதுக்கு இன்னா? இத்தினி வருசம் சம்பாரிச்ச பேரு போச்சே!"

ஷரஃபுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு நேத்தே போச்சு குல்சும். அது அவங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. அவங்க துணியக் குடுத்தாங்க, சரி. நான் கேக்காம எட்த்தத யாரால இல்லேன்னு ஆக்க முடியும்? மனுசனுக்குன்னு ஒரு கொள்கை வேணும். அத ஒரு தபா கைவுட்டா, ஊரு நம்மள நம்பாம போறது அப்புறம்தான். மொதல்ல நம்மள நாமளே நம்ப முடியாம போயிடுது."