முத்திரை ஒட்டிய கதவு

சோதனைக்கென்றே தனியாகச் செய்து பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்த கதவை விமலகுமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பட்டறையின் பின்கோடிக்குப் போனாள். லாரிக்காகச் சுவரில் சாய்த்திருந்த கதவுகளில் நடுவில் நின்ற ஒன்றைத் தொட்டு, "இது" என்றாள். தன் கையெழுத்திட்ட ஸ்டிக்கரை அதில் ஒட்டினாள். கதவு செய்பவர்களோடும் வாங்குபவர்களோடும் ஒட்டில்லாத ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவள் அவள். கதவை அவர்களுடைய உலையில் பொருத்தி எரிப்பார்கள். ஒரு மணி நேரம் தீயைத் தாங்கினால் சான்று. சான்று இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் கதவெடுப்பார்கள். இல்லாவிட்டால் காரோடு என்ற ஊரில் ரெஜிலாவும் தம்பி ராபின்சனும் நடத்தும் பட்டறை இந்த வருஷத்தைத் தாண்டாது.

"கட்டன்சாயா கூட குடிக்கல்ல. பெண்ணு பாக்க வாறவனுக்கும் இந்த வெறைப்பு கிடையாது" என்றான் ராபின்சன், கார் மறைந்ததும்.

ரெஜிலா சிரிக்கவில்லை. அந்தக் கதவின் அடிவிளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மரம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிபோல வழவழவென்று ஏதோ இருந்தது. சூடேறினால் ஊதிப் பெருத்துப் புகையை அடைக்கும் பட்டையும் அதற்குள் மூடிக் கிடந்தது.

"இது என்ன, ரபேலண்ணா?"

ரபேல் பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கும் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போட்டவன். கடல் வீட்டை எடுத்த பிறகு இங்கே வேலைக்கு வந்தான்.

"வள்ளத்துக்குப் பூசுற ரெசின் பசையாக்கும், மோளே. எங்க வீட்டுக் கதவ கடல் அடியிலேருந்துதான் தின்னுச்சு. தண்ணி ஏறாதிருக்கட்டும்னு நல்லதுக்குச் செய்தேன்."

"எத்தன கதவுல?"

"துணி போத்துனது தவிர எல்லாத்துலயும்."

ரெசின் தீயில் எரியும் என்பது மூவருக்கும் தெரியும். ராபின்சன் குரலைத் தாழ்த்தினான். "ஹெயர் டிரையர் வச்சு ஸ்டிக்கர பைய இளக்கி, துணி போத்துன கதவுல ஒட்டிரலாம் அக்கா. ஆரு அறியப்போறா?"

ரெஜிலா கதவின் மேல்மூலையில் இருந்த பட்டறையின் லேபிளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் 'தீ தாங்கும்' என்று அவர்களே அச்சடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதை வாசித்துவிட்டு யாரோ ஒருவர், எழுந்து நடக்க முடியாத ஒருவர், ஏதோ ஒரு வார்டில் கண்மூடிக் கிடப்பார். அவருக்கும் தீக்கும் நடுவில் நிற்கப்போவது துணி போர்த்திய கதவல்ல.

"எலே, போனை எடு" என்றாள் தம்பியிடம்.

ரெசின் பூசியதை விமலகுமாரியிடம் மறைக்காமல் சொன்னாள். விமலகுமாரி எல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்டிக்கர் ஒட்டுனதையே கொண்டு வாங்க. தோத்தா தோத்ததுன்னுதான் எழுதுவேன். எங்க தோத்ததுன்னும் எழுதுவேன். சரிபண்ணிட்டு மறுபடி கூப்பிடுங்க, வாறேன்" என்றாள். அந்தக் கடைசி 'வாறேன்' ரெஜிலாவுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

சோதனை நாளில் ரபேல் மாதா கோவிலுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டியில் வந்தான். கக்கத்தில் காகிதம் சுற்றிய ஒரு மரத்துண்டு இருந்தது. கதவு தோற்றால் அடியில் மாற்றிப் போட, ரெசின் பூசாமல் புதிதாக இழைத்த அடிக்கட்டை. யாரும் கேட்காமலே கொண்டுவந்திருந்தான்.

உலை உறுமியது. கதவின் அடியில் கறுத்த புகை ஒரு நூலாகக் கசிந்தது. பொழியூர்க் கரையில் வள்ளம் ஒட்டும்போது எழும் அதே வாசனை. ராபின்சன் கண்ணை மூடிக்கொண்டான். விமலகுமாரி குனிந்து, புகை கசியும் இடத்தைக் குறித்தாள்.

"இன்னும் நிக்குது, மோளே" என்றான் ரபேல்.

மறுபுறம் தீ முட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கதவின் வெள்ளைப் பரப்பில், மரத்துண்டை அணைத்து நின்ற அவன் நிழல் ஆடாமல் விழுந்திருந்தது.